அரிசி டின்னுக்குள் ஒரு ஸ்பிரிங்

1988-ஆம் வருஷத் தொடக்கம். ஃபிஜியில், நாடிக்கு வடக்கே இருக்கும் சபேட்டோ பள்ளத்தாக்கில் நாங்கள் குடியிருந்தோம். அதற்கு முந்தின வருஷம் மட்டும் ராணுவம் இரண்டு தடவை ஆட்சியைப் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் அதை 'கூ' என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கரும்பு விளைந்ததா, மழை வந்ததா என்ற பேச்செல்லாம் போய், வீட்டுக்கு வீடு அந்தக் கூவைப் பற்றியேதான் பேச்சு. அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

என் வீட்டுக்காரருக்கு விமான நிலையத்தில் வேலை. சாமான் இழுக்கும் வண்டிகளை ரிப்பேர் பார்ப்பார். மாமனார் விட்டுப்போன குத்தகைக் கரும்பு நிலம் கொஞ்சம், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, இவை போக அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள். மாமனார் வாங்கிய இங்கிலீஷ் வண்டி. எங்கள் இரண்டு பேரையும்விட வயதில் பெரியது. நான் கல்யாணமாகி வந்தபோது எனக்கு முன்பே கொட்டகையில் அது குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்ததால் அதற்கு நான் வைத்த பேர் 'மூத்தாள்'. மூத்தாளைத் துடைக்கிற துணி என் புடவையைவிட வெள்ளையாக இருக்கும்.

அந்த நாளில் எங்கள் பக்கம் வெளிநாடு போகிற யாரும் சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள். விசா வந்ததைச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். வேலை செய்யும் இடத்தில் தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும், நிலத்துக்காரர்களுக்குத் தெரிந்தால் வேறு குத்தகை ஆளைப் பார்த்துவிடுவார்கள் என்று இன்னொரு பயம். பக்கத்துப் பண்ணையில் இருந்தவள் ஒரு நாள் சாயங்காலம் என்னிடம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் பார்த்தால் அந்த வீட்டில் நாய் மட்டும் இருந்தது. மூன்று நாள் அதற்கு நான்தான் சோறு வைத்தேன்.

இப்படி நடக்க நடக்கப் பெண்கள் நாங்கள் எல்லாரும் பாதிப் போலீஸ் ஆகிவிட்டோம். யார் பல் டாக்டரிடம் போகிறார்கள் என்று பார்ப்போம், ஏனென்றால் வெளிநாட்டில் பல்லுக்குச் செலவு அதிகம் என்று கிளம்புகிறவர்கள் முன்கூட்டியே எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள். யார் பசுவை விற்றார்கள், யார் போட்டோ எடுத்துக்கொண்டார்கள் என்று கவனிப்போம். எல்லாவற்றிலும் பெரிய அடையாளம் ரிப்பேர்தான். வருஷக்கணக்காகக் கூரை ஒழுகுவதைக் கண்டுகொள்ளாத மனுஷன் திடீரென்று தகரத்தை மாற்றினால், விற்கப்போகிறார் என்று அர்த்தம்.

எனக்கு இதில் சொந்த அனுபவமே இருந்தது. என் அக்கா ரராவாயில் இருந்தாள், அங்கே பெரிய சர்க்கரை ஆலை இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் முதல் கூ முடிந்த கையோடு தன் டிரக்கை ரிப்பேர் பண்ணி விற்றுவிட்டு டூரிஸ்ட் விசாவில் கனடாவுக்குப் போனார். கடைசி நாள் வரை எங்கும் போகவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தீபாவளிக்குள் அழைத்துக்கொள்கிறேன் என்று போனார். தீபாவளியும் போய்க் கடிதமும் நின்றுபோய், அக்கா மில்லுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் துணி தைத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை என்று நான் சொல்லிக்கொள்வேன். அக்காவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் மூத்தாளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பேன்ட் முட்டியில் அப்பியிருந்த சேறு காய்ந்துபோயிருந்தது. வண்டியின் முன்பக்கம் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"பாலத்தாண்ட பள்ளத்துல வுட்டுட்டேன்," என்றார்.

பாலத்தருகே ராணுவத்தின் செக்பாயின்ட் உண்டு, பள்ளம் எனக்குத் தெரிந்து கிடையாது. அதைவிட ஆச்சரியம், சின்னக் கீறல் விழுந்தாலும் அன்றைக்கே உட்கார்ந்து சரிபண்ணுகிற மனுஷன், மூத்தாள் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு மூன்று வாரம் பஸ்ஸில் வேலைக்குப் போனார். சாப்பிடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை எங்களுக்குப் பழக்கமான ஒரு ஆள் வந்தான். பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருக்கும் ஃபிஜியர் கிராமத்துக்காரன், ராணுவத்தில் சிப்பாய். கூ நடப்பதற்கு முன்னால் அடிக்கடி வருவான். ஆற்று இறால் கொடுத்துவிட்டு எங்கள் தோட்டத்து மிளகாயும் வெண்டைக்காயும் எடுத்துப் போவான். எங்கள் ஹிந்தியை எங்களைவிட நன்றாகப் பேசுவான், என்னை அண்ணி என்கிற அர்த்தத்தில் 'பௌஜி' என்பான். கூவுக்குப் பிறகு எட்டிப்பார்க்கவே இல்லை. இப்போது சீருடை இல்லாமல், கையில் ஒரு நங்கோனா வேர்க்கட்டோடு வந்து நின்றான். நங்கோனா என்பது இடித்துத் தண்ணீரில் கரைத்து எங்கள் நாட்டில் எல்லாரும் குடிக்கிற வேர். கொட்டகைக்குள் போய் என் வீட்டுக்காரர் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் கட்டை இரண்டு கையாலும் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சமையலறை ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

ஃபிஜியர்கள் ஒன்றைக் கேட்டு வந்தால் வேர்க்கட்டை வைத்துத்தான் கேட்பார்கள். நிலம் கேட்டாலும் சரி, பெண் கேட்டாலும் சரி. எங்கள் வீட்டில் கேட்டு வாங்குகிற மாதிரி இருந்த பொருள் மூத்தாள் ஒன்றுதான். சரி, வண்டியை விலை பேசுகிறான் என்று முடிவு பண்ணினேன். டீ எடுத்துக்கொண்டு போனேன். நான் உள்ளே நுழைந்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மூத்தாள் மேல் இருந்த சாக்கு எடுக்கப்பட்டிருந்தது.

அந்த வாரம் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஒரு போட்டோ கிடைத்தது. பாஸ்போர்ட் அளவு. அவர் மட்டும், தலையைப் படிய வாரிக்கொண்டு. நானும் இல்லை, குழந்தையும் இல்லை. சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு, மடித்து, போட்டோவை இருந்த பையிலேயே வைத்தேன். அவர் மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை பார்க்கக் கூடாது, பஸ்கூட ஓடாது என்று அப்போது உத்தரவு இருந்தது. சுத்தியல் சத்தம் ரோட்டுக்குக் கேட்கக் கூடாதாம். நான் அதை நம்பவில்லை. எனக்குத்தான் கேட்கக் கூடாது என்று நினைத்தேன்.

கடைசியில் பார்சல் வந்தது. அந்த ஆள்தான் கொண்டுவந்து கொடுத்தான். நீளமாக, கனமாக, பழுப்புக் காகிதம் சுற்றி, மேலே நியூசிலாந்து தபால்தலை. நியூசிலாந்து என்றதும் எனக்கு அடுப்பில் என்ன இருக்கிறது என்பதே மறந்துபோனது. என் வீட்டுக்காரர் அதைக் கொட்டகையில் பிரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி கட்டி மேல்பலகையில் வைத்தார். புதன்கிழமை அவர் வேலைக்குப் போனதும் நான் பெட்டி மேல் ஏறி அதை இறக்கி, முடிச்சு எப்படிப் போட்டிருக்கிறது என்று நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு அவிழ்த்தேன்.

உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் இரண்டு ஸ்பிரிங். என் முழங்கை முதல் விரல் நுனி வரை நீளம். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது, ஆனால் மூத்தாளோடு ஐந்து வருஷம் குடித்தனம் பண்ணியவள் நான். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் குழாய் இரண்டிலும் போடுகிற ஸ்பிரிங் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எல்லாம் பொருந்திப்போனது. வாங்கப்போகிறவனே சாமானை வரவழைத்துக் கொடுக்கிறான், இவர் மாட்டிக் கொடுப்பார், அவன் வண்டியை எடுத்துப்போவான், இவர் அந்தப் பணத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போட்டோவில் இருந்த மாதிரியே தனியாகப் போவார்.

அவரிடமே கேட்டிருக்கலாமே என்று இப்போது நீங்கள் கேட்பீர்கள். கேட்டால் இல்லை என்றுதானே சொல்வார்? அக்கா தினமும் கேட்டாளே. எனக்கு அந்தப் பொய்யைக் காதால் கேட்கத் தெம்பு இல்லை.

ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கொட்டகையில் கிடந்த பழைய இரும்புத்துண்டு ஒன்றை அதன் இடத்தில் வைத்து, அதே முடிச்சைப் போட்டு, மேல்பலகையிலேயே வைத்தேன். ஸ்பிரிங்கை எங்கே ஒளிப்பது? வீட்டில் அவர் கை வைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான். அரிசி டின்னுக்குள் அடிவரை கையை விட்டு, அரிசியைத் தள்ளி, காகிதத்தோடு அதை நிற்க வைத்து மூடினேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்றால் நம்புவீர்களா?

ஆனால் அந்த எண்ணெய்க் காகிதத்தை நான் யோசிக்கவில்லை. மறுநாள் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றை முகர்ந்து பார்த்தார். அவர் தன் கையை முகர்ந்தார், எழுந்து போய் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு வந்தார். "இந்த கிரீஸ் நாத்தம் இன்னா தேச்சாலும் போவ மாட்டேங்குது," என்று அலுத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

அதே வியாழக்கிழமை பகலில், அவர் வேலையில் இருந்தபோது, அந்தச் சிப்பாய் வந்து டாலோக் கிழங்கு ஒரு கட்டு கொட்டகையில் வைத்துவிட்டுப் போனான். நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேனே தவிர வெளியே போகவில்லை.

சனிக்கிழமை இரண்டு பேரும் வேலையைத் தொடங்கினார்கள். எஞ்சினுக்குக் கீழே மரப்பெட்டியைக் கொடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்தைக் கழற்றினார்கள். ஃபோர்க்கின் தலையில் இருக்கும் பெரிய நட் இரண்டையும் திறந்து, வளைத்த கம்பியை உள்ளே விட்டுப் பழைய ஸ்பிரிங்குகளைத் தூண்டிலில் மீன் எடுக்கிற மாதிரி வெளியே எடுத்தார்கள். ஒன்று இரண்டாக முறிந்திருந்தது. கறுப்பு எண்ணெய் ஒழுக, அதைப் பிடிக்க என் அலுமினியச் சட்டியை என்னைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். நான் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே பார்த்தேன். பார்சலைப் பிரித்தார்கள்.

இரும்புத்துண்டு தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரர் ஹிந்தியில்தான் சொன்னார், இரண்டு இருந்தது, நானே என் கையால் எண்ணிப் பார்த்தேன் என்று. பிறகு அங்கே இருந்த டாலோக் கட்டைப் பார்த்தார். வியாழக்கிழமை நீ இங்கே வந்தாயா என்று கேட்டார். வந்தேன், கிழங்கு வைத்துவிட்டுப் போனேன் என்றான் அவன். இவர் முன்பின் தெரியாதவனைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, என்னைக் கடந்து போகும்போது எப்போதும் சொல்கிற பௌஜியைக்கூடச் சொல்லாமல் போனான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. விற்பனை நின்றுபோனது என்று.

சாயங்காலம் அவர் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். நாங்கள் மற்றபடி ஹிந்தியில் பேசிக்கொள்வோம். வெளியே தெரியக் கூடாத பேச்சென்றால் மட்டும் தமிழ். அன்று தமிழில் ஆரம்பித்தார்.

"இனிமே இங்க இருக்க வாணாம். திங்கக்கிழமை லீவு போட்டுட்டு சுவா போயி ஃபாரம் வாங்கியாறேன். மூணு பேருக்கும்."

மூணு பேருக்கும் என்றாரே, அந்த வார்த்தையில் எனக்கு மூச்சு நின்று வந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் நான் கேட்க விரும்பாதவை.

பாலத்தருகே பள்ளம் எதுவும் இல்லை. செக்பாயின்ட்டில் இருந்த சில சிப்பாய்கள், பொழுது போகாமல், இவரை நிறுத்தி ரோட்டோரச் சேற்றில் முட்டி போட வைத்திருக்கிறார்கள். வண்டி ஓட்டத் தெரிந்தவன் எவன் என்று கேட்டு, ஒருவன் மூத்தாளை எடுத்துப்போய் ஆற்றுப் பாறைகளின் மேல் குதிக்க விட்டிருக்கிறான். மற்றவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். அந்த ஒருவன்தான் இந்த ஆள். எங்கள் தோட்டத்து மிளகாயைத் தின்றவன். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது இவர் முகத்தைப் பார்க்கவில்லையாம்.

"முட்டி போட்டவனா உன் முன்னாடி வந்து நிக்க எனக்கு முடியல," என்றார். "அப்பால அவனே வந்தான். வேரு வச்சு மன்னிப்பு கேட்டான். ஆக்லாந்துல இருக்கற அவங்க அண்ணனுக்கு எழுதி, எங்கியோ தேடி அந்த ஸ்பிரிங்க வாங்கியாந்தான். ஒருத்தனாச்சும் வந்து தப்புன்னு சொன்னானே, சரி, இந்த ஊர்ல இன்னும் இருக்கலாம்னு நெனைச்சேன். இப்ப அதுவும் போச்சு."

போட்டோவைப் பற்றி நானே கேட்டேன். விமான நிலையத்தில் எல்லாருக்கும் புது பாஸ் கொடுக்கிறார்களாம்.

ஃபிஜியர்கள் மன்னிப்புக் கேட்பதற்கும் நங்கோனா வேரைத்தான் வைப்பார்கள். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். ஆனால் ஜன்னலில் நின்று பார்த்த அன்று, விலை பேசுகிறான் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. அவர் இங்கேயே இருக்க நினைத்ததை, அவர் போய்விடக் கூடாது என்று நான் செய்த காரியம் கெடுத்துவிட்டது. அரிசி டின் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. திறந்து காட்டியிருக்கலாம். நான் செய்யவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

அதைவிடக் கேவலமான வேலையை மறுநாள் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ஸ்பிரிங்கை எடுத்துத் துடைத்து, கொட்டகையில் சாக்குகளுக்குப் பின்னால், உருண்டு விழுந்த மாதிரி போட்டேன். கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் புத்தி சொன்னது. மத்தியானம் அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இந்த இடத்தில் நேற்றே மூன்று தடவை தேடினேன் என்றார்.

"பயந்துட்டான். யாரும் பாக்காதப்ப வந்து போட்டுட்டுப் போயிட்டான். எடுக்காதவன் மாதிரி நேத்து என் மூஞ்சிக்கு நேரா நின்னான் பாரு," என்றார்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன் அவர் தலைநகரமான சுவாவுக்குப் பஸ் ஏறிப்போனார். நான் கொட்டகைக்குள் போனேன். அந்த ஆள் மன்னிப்புக் கேட்டு வைத்த வேரில் மிச்சம் ஒரு மூலையில் தொங்கியது. அதையே எடுத்துக்கொண்டு போகலாம் என்று கை வைத்தேன். நல்லவேளை, உடனே உறைத்தது. அவன் கொடுத்ததை அவனிடமே திருப்பிக் கொண்டுபோனால், உன் மன்னிப்பு எங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தமாகிவிடும். முச்சந்திக் கடையில் புதிதாக ஒரு கட்டு வாங்கி, நியூஸ் பேப்பரில் சுற்றி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேல்கோடிக் கிராமத்துக்கு நடந்தேன்.

அதுவரை அந்த ஊருக்குள் நான் தனியாகப் போனதில்லை. கூவுக்குப் பிறகு யாருமே போவதில்லை. வழியில் நின்றவர்கள் பார்த்த பார்வையில், இவள் எதற்கு வருகிறாள் என்ற சந்தேகம் இருந்தது. எனக்கு அந்தப் பார்வை நன்றாகவே தெரியும், என் ஜன்னலில் நின்று நான் பார்த்த பார்வைதான்.

அந்தச் சிப்பாய் வீட்டில்தான் இருந்தார். இந்த இடத்திலிருந்து அவன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பாயில் உட்காரச் சொன்னார். ஜன்னல் வழியாகப் பார்த்த மாதிரியே நானும் சம்மணம் போட்டு, வேர்க்கட்டை இரண்டு கையாலும் அவர் முன்னால் வைத்தேன். அதற்குரிய ஃபிஜிய வார்த்தைகள் எனக்குத் தெரியாது. ஹிந்தியில் சொன்னேன். ஸ்பிரிங்கை எடுத்தது நான், என் அரிசிக்குள் ஒளித்தது நான், உங்கள் மேல் பழி விழுந்ததை வாசலில் உட்கார்ந்து பார்த்ததும் நான் என்றேன்.

வைத்தவரின் மன்னிப்பை ஏற்றுக்கொண்டால் கட்டைக் கையால் தொட வேண்டும். தொடாவிட்டால் எழுந்து போக வேண்டியதுதான். அவர் தொடவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டே இருந்தேன். வெளியே யாரோ விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. குழந்தை என் மடியிலிருந்து இறங்கிப் போய், கட்டின் நூலைப் பிடித்து இழுத்து விளையாட ஆரம்பித்தாள். அவளைப் பிடித்து இழுக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்புறம் அவர் கையை நீட்டி, குழந்தையின் கையோடு சேர்த்து அந்தக் கட்டைத் தொட்டார். உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாக மூன்று தடவை தட்டினார். நான் அழுதுவிட்டேன்.

அவர் ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "பௌஜி, அன்னைக்குப் பாலத்துல அவரைத் தெரியாதவன் மாதிரி நான் நடந்துக்கிட்டேன். சனிக்கிழமை அவர் என்னைத் தெரியாதவன் மாதிரி பார்த்தார். அது எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியணும் இல்லையா?"

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கையில் ஃபாரங்களோடு வந்து இறங்கியபோது, நானும் சிப்பாயும் கொட்டகை வாசலில் நின்றிருந்தோம். தமிழில் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், எங்கள் இரண்டு பேரோடு போயிருக்கும். ஆனால் பழி விழுந்தது ஹிந்தியில். அதனால் அந்த மனிதர் பக்கத்தில் நிற்க, ஹிந்தியிலேயே சொன்னேன். என் வீட்டுக்காரர் முகம் கறுத்துப்போய், என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் வலது கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார்.

"அப்ப அந்த கிரீஸ் நாத்தம் என் கையில இல்ல," என்றார்.

சிப்பாய்தான் முதலில் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவரிடம் போய் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

அவர் ஃபாரங்களைக் கொட்டகைப் பலகையில் வைத்தார். வெளிச்சம் போவதற்குள் வேலையை முடிப்போம் என்று சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பழைய ஸ்பிரிங் அமுங்கி அமுங்கிக் குறுகிப்போயிருக்கும். புதியது நீளம், ஃபோர்க் குழாய்க்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அதன்மேல் நட்டை வைத்து ஒருவர் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்த வேண்டும், இன்னொருவர் மரை சரியாகப் பிடிக்கிறதா என்று விரலால் பார்த்துக்கொண்டே திருப்ப வேண்டும். அழுத்துகிறவர் நடுவில் கையை எடுத்தால் நட் தெறித்துத் திருப்புகிறவர் முகத்தில் அடிக்கும். முதல் பக்கத்தை சிப்பாய் அழுத்த, என் வீட்டுக்காரர் திருப்பினார். இரண்டாவது பக்கத்துக்கு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"இது உன் ஸ்பிரிங்கு. நீயே அழுத்து."

சிப்பாய் கைப்பிடியை ஆடாமல் பிடித்துக்கொண்டார். நான் பெட்டி மேல் ஏறி, ஒரு மரக்கட்டையை வைத்து நெஞ்சால் அழுத்தினேன். அது என்னைத் திருப்பித் தள்ளியது. இரும்புக்கு அவ்வளவு பிடிவாதம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் வீட்டுக்காரரின் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது. நான் கையை எடுத்தால் அவர் பல் போய்விடும். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் அவர் கண்ணை எடுக்காமல் நட்டையே பார்த்துக்கொண்டு திருப்பினார். வுடாத, வுடாத என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மரை பிடித்த ஒரு சின்ன சத்தம் வந்தது. அப்புறமும் நான் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

சுவாவிலிருந்து வந்த ஃபாரங்களின் பின்பக்கத்தில் குழந்தை கோழி வரைந்து பழகினாள். நாங்கள் மேலும் பன்னிரண்டு வருஷம் அங்கேயே இருந்தோம். பிறகு இன்னொரு கூ வந்தது, நிலத்தின் குத்தகையும் முடிந்தது, வேறு வழியில்லாமல் கிளம்பினோம். ஆனால் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே ரோட்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கண் படும் என்று அக்கா திட்டினாள். படட்டும் என்றேன். மூத்தாளை நாங்கள் விற்கவில்லை. ஒரு வேர்க்கட்டு வைத்து மேல்கோடிக் கிராமத்திலேயே விட்டு வந்தோம். சபேட்டோ ரோட்டில் சிப்பாய் அதை இன்னும் ஓட்டுகிறார் என்று போன வருஷம்கூட யாரோ சொன்னார்கள்.

இப்போது பிரிஸ்பேனில் என் சமையலறையில் அரிசி பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது. அளந்தெடுக்கக் கையை விடும்போதெல்லாம் விரல்கள் தானாகவே அடிவரை போய்த் தடவிப் பார்க்கும். யார் மேலாவது எனக்குச் சந்தேகம் வருகிற அன்று, முதலில் அங்கேதான் கையை விட்டுப் பார்க்கிறேன், நான் ஒளித்து வைத்தது ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று.